குதிக்கச் சொன்ன குரல்

அந்தத் தொழிற்சாலை தன் ஆயுசில் மூன்று விதமான ராணுவ விமானங்களைத்தான் செய்தது. மூன்றுக்கும் அரசாங்கம் கம்பீரமான பெயர்களை வைத்திருந்தது. ஆனால் யாரும் அந்தப் பெயர்களை வாயால் சொன்னதில்லை. முதலாவது மரச்சட்டமும் துணியுமாகச் செய்த பயிற்சி விமானம். இறங்கும்போது தரையில் இரண்டு மூன்று தடவை துள்ளிவிட்டுத்தான் நிற்கும் என்பதால் அது வெட்டுக்கிளி. இரண்டாவது மூக்கு நீண்ட ஜெட், அது கொக்கு. மூன்றாவதுதான் நிஜமான சண்டை விமானம். வரைபடம் போட்டு வருஷக்கணக்காகியும் அது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு நாள் எண்ணெய் ஒழுகும், மறுநாள் சக்கரம் மடங்காது, அதற்கு மறுநாள் எல்லாம் சரியாக இருக்கும், மழை வந்துவிடும். துடைத்து, போர்த்தி, வேளாவேளைக்குக் கவனித்து, சுற்றிலும் ஆட்கள் நின்று உபசாரம் செய்ய, அது மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது. தொழிலாளர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

"மாப்பிள்ளை இன்னைக்காவது எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சார். மூஞ்சி கழுவினார். மறுபடியும் படுத்துட்டார்."

காலையில் கேன்டீன் வரிசையில் இந்தப் பேச்சு இல்லாமல் டீ இறங்காது.

அவள் ரேடியோ அறையில் வேலை பார்த்தாள். ஓடுபாதையின் கோடியில் தனியாக நின்ற கோபுரத்தின் உச்சியில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டுக்கிளிகளை அழைத்துப் பேசினாள், பிறகு கொக்குகளை. ஹெட்போனின் காதுப்பட்டை கிழிந்து, மருந்துக்கடைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். மேஜையில் ஒரு மைக், ஒரு கடிகாரம், காற்றின் வேகத்தைக் காட்டும் முள். பக்கத்து மேஜையில் வானிலை பார்க்கிறவர். அவரை எல்லோரும் மழைக்காரர் என்பார்கள்; அவர் மழை வரும் என்று சொன்ன நாளில் துணி காயப் போடலாம் என்பது குடியிருப்புப் பெண்களின் நம்பிக்கை. அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

ஆகாயத்தில் பெயர்கள் கிடையாது. விமானிகளுக்கு எண்கள். அவளுக்கு ஒரே பெயர்தான்: தளம். "தளம், தளம், நாலு பேசுறேன்" என்று குரல் வரும். "நாலு, தளம். சொல்லுங்க" என்பாள். கொஞ்ச காலத்தில் அந்தப் பெயர் கோபுரத்தை விட்டு இறங்கிக் குடியிருப்பு வரைக்கும் வந்துவிட்டது. பால் கொண்டு வருகிறவர் கூட "தளம் அக்கா வீடுதானே?" என்று கேட்டுத்தான் பாத்திரத்தில் ஊற்றுவார்.

வீட்டில் அவளும் அம்மாவும். அண்ணன் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டான். அவளுக்கும் வரன்கள் வந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் அம்மாவை என்ன செய்வதாக உத்தேசம் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. பிறகு வரன்களும் வரவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக விசனப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் கோபுரத்தின் இரும்புப் படிகளில் ஏறி ஹெட்போனை மாட்டிக்கொண்டால், சாயங்காலம் வரை அவளைக் கூப்பிட ஆள் இருந்தது.

நாலு என்பவர்தான் மாப்பிள்ளையை ஓட்ட வந்த சோதனை விமானி. அது எழும் வரை கொக்குகளை ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நீண்டு, தோள் குறுகி, நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். கொட்டகைக்காரர்கள் பார்த்த அன்றைக்கே ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விமானிகளின் வீடுகள் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். அவருக்கும் அவளுக்கும் நேருக்கு நேர் பேச்சு என்று ஒன்று நடந்ததே இல்லை. விமானம் கோபுரத்தைத் தாண்டி ஓடுபாதையின் முனைக்கு உருண்டு போகும்போது அவர் உள்ளேயிருந்து ஒரு கையைத் தூக்குவார். அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு கையைத் தூக்குவாள். அவ்வளவுதான் அறிமுகம்.

ஆனால் குரல் அப்படியில்லை. ஒருவருடைய குரலை வருஷக்கணக்காகக் காதுக்குள் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஆளைப் பற்றி அவர் வீட்டாருக்குத் தெரியாததும் தெரிந்துவிடும். நாலுக்கு ஜலதோஷம் பிடிக்கப் போகிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முந்தின நாளே அவளுக்குத் தெரியும். காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தால், உயரத்தைச் சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்குவார். சந்தோஷமாக இருந்தால் மூச்சோடு சேர்த்து ஒரு சின்ன ராகம் வரும். பாட்டு இல்லை, பாட்டு தொடங்குவதற்கு முந்தின செருமல். மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு செருமுகிறோம் என்று அவருக்கே தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

"ஒட்டகம் இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று மழைக்காரர் கேட்பார்.

"சரியாத் தூங்கலண்ணே."

"வானிலையை நான் பாக்கறேன், விமானியோட நிலையை நீ பாக்கறே. நல்ல கூட்டு நம்ம ரெண்டு பேரும்."

மாப்பிள்ளை கடைசியில் எழுந்தார். தொழிற்சாலை முழுக்கக் கூரை மேல் ஏறி நின்று பார்த்தது. முதல் தடவை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது இறங்கியபோது, பெரியவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் என்றால் தலைமை வடிவமைப்பாளர். வெட்டுக்கிளியும் கொக்கும் மாப்பிள்ளையும் அவருடைய பென்சிலிலிருந்து வந்தவை. இந்தப் பிரதேசத்திலும் சண்டை விமானம் செய்ய முடியும் என்று பல அலுவலகங்களின் வாசற்படியில் காத்துக் கிடந்து, அனுமதி வாங்கி, தலைமயிரையெல்லாம் உதிர்த்து அதைச் செய்திருந்தார்.

பறக்க என்று இரண்டு மாப்பிள்ளைகள் செய்தார்கள். மூத்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் தரைச் சோதனைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். இளையதுதான் பறந்துகொண்டிருந்தது. அதை ராணுவத்துக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அது நடந்தது.

முற்பகல். தெளிவான வானம், ஆனால் தரையில் எதிர்க்காற்று. பெரியவர் அன்று கோபுரத்துக்கே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். நாலு வெகு உயரத்தில் இருந்தார்.

"தளம், நாலு. என்ஜின் அணைஞ்சிடுச்சு."

கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல் சொன்னார். அவளும் அதே மாதிரிதான் பதில் சொன்னாள்.

"நாலு, தளம். கேட்டுச்சு. ஓடுபாதை காலி. மறுபடியும் பத்த வையுங்க."

ஒரு தடவை முயன்றார், பற்றவில்லை. இன்னொரு தடவை முயன்றார், பற்றவில்லை. ஒற்றை என்ஜின் விமானம். அது போனால் மிச்சமிருப்பது உயரம் மட்டும்தான். அந்த உயரத்தைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டே ஓடுபாதை வரை மிதந்து வர வேண்டும். பெரியவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"வரும்" என்றார். "வந்துடும். எதிர்க்காற்று கொஞ்சம் தின்னும். இருந்தாலும் வரும்."

மழைக்காரர் எழுந்து வந்து காற்று முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் உயரம் கேட்டாள். நாலு சொன்னார். திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம், திருப்பிச் சொன்னாள். அவர் "ஆமா" என்று சொல்லிவிட்டு வேறொரு எண்ணைச் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். பதில் வரத் தாமதமானது. வந்தபோது அது முதலில் சொன்ன எண்ணாக இருந்தது. அந்த உயரத்தை அவர் எப்போதோ தாண்டி இறங்கியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் எண்ணைத் தவறாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஜுரத்தோடு பறந்த நாளில் கூடச் சொன்னதில்லை. குரல் மட்டும் அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதிதான் அவளை என்னவோ செய்தது. அது அவருடைய அமைதி மாதிரி இல்லை. ஓடுபாதையை மட்டும் பார்த்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறந்துபோன ஒருவரின் அமைதி.

"வரச் சொல்லும்மா" என்றார் பெரியவர். "பாதை நேரா இருக்கு, தைரியமா வரச் சொல்லு."

விமானத்தில் இருக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். கோபுரத்தில் இருப்பவர்கள் யோசனை சொல்லலாம். யோசனை பெரியவருடையது, வாய் மட்டும் அவளுடையது. அதுதான் ஒழுங்கு. அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"நாலு, தளம். உங்களுக்குக் கீழ வெறும் தரிசு. ஆள் இல்லை. குதிச்சிடுங்க."

காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரியவரின் பென்சில் நின்றது.

"தளம், திருப்பிச் சொல்லுங்க."

"குதிச்சிடுங்க. இப்பவே."

கண்ணாடிக்கு வெளியே, ரொம்ப தூரத்தில், மாப்பிள்ளையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி பிரிந்து மேலே எகிறியது. அதன் மேல் வெள்ளையாகக் குடை விரிந்தது. மாப்பிள்ளை மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஒழுங்காகவே வந்தது, உள்ளே யாரோ உட்கார்ந்து ஓட்டுவது போல. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. முதலில் புகை தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

பெரியவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நாலுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. இருக்கையோடு வீசப்பட்டதில் முதுகெலும்பு நசுங்கியிருந்தது. ஒட்டகம் ஒரு விரற்கடை குள்ளமாகிவிட்டது என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசல் வரைக்கும் போனாள். உள்ளே கட்டிலைச் சுற்றி அவர் மனைவி, மற்ற விமானிகள், இரண்டு அதிகாரிகள். நான் இன்னார் என்று எப்படிச் சொல்லிக்கொண்டு போவது? 'நான்தான் தளம்' என்றா? வாங்கி வந்த ஆரஞ்சுகளை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அவர் எழுந்து நடந்ததும் எங்கோ தூரத்தில் இருந்த பயிற்சிப் பள்ளிக்கு வாத்தியாராக மாற்றிவிட்டார்கள். அந்தக் குரல் அதற்குப் பிறகு கோபுரத்துக்கு வரவில்லை.

விசாரணைக் குழு வந்தது. ஓடுபாதையை எட்டியிருக்கலாம், எட்டாமலும் போயிருக்கலாம் என்று முடிவு சொன்னது. ராணுவத்துக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்த நாள் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு தடவை தள்ளிப்போனது. அப்புறம் பணம் நின்றது. வெளிநாட்டிலிருந்து ஆயத்த விமானங்களை வாங்கிவிடலாம் என்று மேலே தீர்மானித்துவிட்டதாகச் சொன்னார்கள். கொட்டகை ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடியிருப்பில் வீடு வீடாகச் சாமான்கள் லாரியில் ஏறின.

அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜையில் இடம் நிறைய இருந்தது, அவ்வளவுதான். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு பாதியில் நிற்கும். ஒரு பெண் மட்டும், புருஷனுக்கு வேலை போனவள், ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "வாயைத் திறக்காம இருந்திருந்தா மாப்பிள்ளை இப்ப உசிரோட இருந்திருப்பார். எங்க பொழப்பும் இருந்திருக்கும்." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

"ஆள் செத்திருந்தா?" என்று கேட்டாள் அவள்.

"அதான் சாகலையே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நடந்தாள்.

பெரியவர் பதவி விலகிப் போகுமுன் ஒரு தடவை நடைவழியில் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டாள். அவர் நின்றார்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா நீ சொல்லியிருக்க வேண்டாம்."

அவள் அந்த வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் அதில் பிடிக்க இடமில்லை.

பறக்க விமானமில்லாத ஊரில் கோபுரம் எதற்கு? அவளைத் தொழிற்சாலையின் தொலைபேசி இணைப்பகத்துக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத தரைத்தள அறை. "இணைக்கிறேன், இருங்க" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். யார் யாரோ யார் யாரோடோ பேசுவதற்கு அவள் வழிவிட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காரர் இருந்தவரை மத்தியானத்தில் எட்டிப் பார்த்து "இன்னைக்கு மழை இல்லை, குடையை எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் ஓய்வு பெற்றதும் அதுவும் நின்றது. தொழிற்சாலை வெளிநாட்டு விமானங்களுக்குப் பழுது பார்த்தது. புதிதாக எதையும் செய்யவில்லை.

அம்மா இறந்துபோன வருஷத்தை அவள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அம்மா கடைசி நாட்களில் யாரோடும் பேசவில்லை. அவளும் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் வைத்திருக்கவில்லை. அண்ணன் போனில் கூப்பிட்டான். "தனியா என்னத்துக்குக் கெடக்கணும்? இங்க வந்துடு." "பாக்கலாம்" என்றாள். அண்ணனுக்கும் அது பதில் இல்லை என்று தெரியும். கேட்டாயிற்று என்ற நிம்மதியில் போனை வைப்பான். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு அறை வீடு ஒன்றுக்கு மாறினாள். மேலே குடியிருந்த குடும்பம் நாற்காலியை இழுக்கும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. அவர்கள் ஊருக்குப் போன நாட்களில் வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் போன் வந்தது. பழைய கொட்டகையைக் காட்சியகமாக மாற்றியிருக்கிறார்களாம். இந்தப் பிரதேசத்தில் செய்து பறந்த ராணுவ விமானங்களின் வரலாறு, திறப்பு விழா, பழைய ஊழியர்கள் கட்டாயம் வர வேண்டும். பேசிய பெண் காட்சியகத்தின் பொறுப்பாளர். ஒவ்வொரு வாக்கியத்தையும் சிரித்துக்கொண்டே முடித்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போவதில்லை என்று முடிவு செய்தாள். அன்று காலையில் மேல்வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து உடை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலில் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள். பெயர் பொடியாக, பிரிவு பெரிதாக: ரேடியோ பிரிவு. உள்ளே வெட்டுக்கிளியைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்க விட்டிருந்தார்கள். துணியெல்லாம் புதிது. கொக்கின் கீழ் நின்று பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், விளக்குப் போட்ட மேடையில், மூத்த மாப்பிள்ளை. இத்தனை வருஷம் எங்கோ சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்ததைப் பளபளவென்று சாயம் பூசி உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் அவருக்குப் பிடித்த வாழ்க்கை கிடைத்துவிட்டது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்வது? பக்கத்தில் நின்ற ஆளுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

பலகையில் எழுதியிருந்தது: 'இரண்டாம் மாதிரி சோதனைப் பறப்பின்போது இழக்கப்பட்டது. விமானி உயிர் தப்பினார்.' இரண்டே வாக்கியம். அவள் இரண்டையும் மறுபடி படித்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

கரகரத்துப் போயிருந்தது, தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. ஆனாலும் அதுதான். அவள் திரும்புவதற்கு முன்பே முதுகு நிமிர்ந்துவிட்டது. சக்கர நாற்காலியில் கழுத்து நீண்ட ஒரு கிழவர். பின்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். கிழவர் மேடையைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோபுரத்துல ஒரு பொண்ணு. தளம்னு கூப்பிடுவோம். என்ஜின் நின்னுபோச்சு, நான் பாட்டுக்கு வந்துக்கிட்டிருக்கேன். பாதை எனக்கு நேரா தெரியுது. குதிங்கன்னா. குதிச்சேன். இத்தனை வருஷமா யோசிக்கிறேன். குதிக்காம இருந்திருந்தா கொண்டு வந்து சேத்திருப்பேன்!"

"அப்பா, மெதுவா" என்றாள் மகள்.

"என்ன?"

மகள் குனிந்து அவருடைய இடது காதில் கையைக் குவித்து, "மெதுவாப் பேசுங்க" என்று கத்தினாள். நிமிர்ந்து மற்றவர்களிடம், "காது சுத்தமாப் போயிடுச்சு. ஜெட் சத்தத்துலயே வாழ்ந்தார் இல்லையா? இந்தக் காதுல வச்சுக் கத்தினா கொஞ்சம் கேக்கும்" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே பார்வையை ஓட்டினவள், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிழவியின் அட்டையைப் படித்தாள். ரேடியோ பிரிவு. மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... நீங்களா? நீங்கதான் தளமா?"

போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஆமா" என்றாள்.

மகள் அப்பாவின் காதில் கத்தினாள். கிழவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜன்னல்ல பாத்தா உசரமாத் தெரிவீங்க."

"அது கோபுரத்தோட உசரம்" என்றாள்.

"என்ன?"

அவள் இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னாள். அவர் அவளுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு காலத்தில் அவள் மூச்சை இழுத்தால் போதும், 'சொல்லுங்க தளம்' என்பார்.

"ஏன் குதிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார். அதை மட்டும் மெதுவாகத்தான் கேட்டார். "பெரியவர் சொன்னாரா?"

அவள் மகளிடம் சொன்னாள்: "இல்லை. அவர் வரச் சொல்லச் சொன்னார். நானாத்தான் குதிக்கச் சொன்னேன்."

மகள் கத்தினாள். சுற்றி நின்றவர்கள் மகளை விட்டு அவளைப் பார்த்தார்கள்.

"ஏன்?"

எண்ணைத் தவறாகச் சொன்னதை, பதில் தாமதமானதை, அந்த அமைதியைப் பற்றியெல்லாம் விசாரணைக் குழுவிடம் சொல்லியிருந்தாள். இப்போது அதெல்லாம் வாயில் வரவில்லை.

"பயந்துட்டேன்" என்றாள்.

மகள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு குனிந்து அந்தக் காதில் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "பயந்துட்டாங்களாம்பா!"

கிழவர் தலையை ஆட்டினார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நானும்தான்" என்றார். "செத்துருவேன்னு நெனைச்சேன். அதையெல்லாம் ரேடியோவுல சொல்ல முடியுமா? பின்னால பெரிய ஆளுங்க நின்னு கேப்பாங்க." பிறகு பிடிவாதமாக, "ஆனா கொண்டு வந்திருப்பேன்" என்றார்.

"கொண்டு வந்திருப்பீங்க" என்று அவள் ஒத்துக்கொண்டாள். அதை மகள் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவின் சட்டையில் சிந்தியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்பாவின் கழுத்து. நீண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து. இந்தப் பெண் எப்போது பிறந்திருப்பாள், அவர் குதித்ததற்கு முன்னாலா பின்னாலா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்கவில்லை.

அன்று கிளம்பும்போது மகள் அவளுடைய போன் எண்ணை வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருந்த ஊர் ரொம்ப தூரம். வாங்கியது மரியாதைக்குத்தான் என்று நினைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. எடுத்தால் மகள். "ஆன்ட்டி, அப்பா உங்களோட பேசணுங்கறார். அவருக்குக் கேக்காது. நீங்க கேட்டா போதுமாம்." போன் கை மாறியது.

"தளம், நாலு" என்றது குரல். "பதில் சொல்லாதீங்க, வீண். நான் பேசறேன்."

பேசினார். காலையில் முட்டி வலித்தது, மருந்துக்கடைக்காரன் பாதி மாத்திரையைத்தான் கொடுத்தான், பக்கத்து வீட்டு நாய் சத்தமே இல்லாமல் குரைக்கிறது. கடைசி விஷயத்தைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் தோன்றும்போதெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். சில வாரம் இரண்டு தடவை, சில மாதம் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தெரிந்த நாலு இவர் இல்லை. இவர் வம்பு பேசினார். மருமகனைப் பற்றிக் குறை சொன்னார். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார். ஆகாயத்தில் அவர் அப்படி இருந்ததே இல்லை. ஆரம்பத்தில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அவர் பேசப் பேசச் சமையலறையில் நின்று அவளும் பதில் சொல்வாள். மருமகன் விஷயத்தில் அவர் சொல்வது நியாயமில்லை என்பாள். அவர் பாட்டுக்குத் தொடர்வார். மேல்வீட்டுப் பெண் ஒரு நாள், "உங்க வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா? பேச்சுச் சத்தம் கேக்குதே" என்று விசாரித்தாள். "போன்ல" என்றாள்.

இந்த மழைக்காலத்தில் குரல் இளைத்திருந்தது. ஒரு வாக்கியத்துக்கும் இன்னொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு நீளமாக வந்தது. அவரோ மகளோ உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நேற்றைக்கு முந்தின நாள் கூப்பிட்டபோது வெட்டுக்கிளியில் முதல் தடவை பறக்கக் கற்றுக்கொண்ட கதையை ஆரம்பித்தார். வாத்தியார் பின் இருக்கையிலிருந்து குச்சியால் தலையில் தட்டுவாராம். கதை நீண்டுகொண்டே போனது. அவளுடைய போன், சார்ஜ் தீரப் போகிறது என்று கீச்சிட்டது. கம்பியைத் தேடி எடுத்து மாட்டினாள். கம்பி குட்டை, பிளக் சுவரின் அடியில் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முட்டியாக மடக்கி, தரையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"...மூணாவது துள்ளல்ல என் தொப்பி பறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றாள்.